மிஷினைப் பார்த்துவிட்டு ரேட் சொல்லுங்கள்

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு நூற்பாலையின் மெயின்டனன்ஸ் போர்மேன் போன் செய்கிறார். "தம்பி, 6205 பத்து வேணுங்க. ஸ்டாக் இருக்குதுங்களா? ரேட் சொல்லுங்க." வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான பையன் கம்ப்யூட்டரில் 6205 என்று அடிக்கிறான். இருபது வரிகள் வருகின்றன. முதல் வரியில் இருக்கும் விலையைச் சொல்கிறான், பில் போடுகிறான், மறுநாள் காலையில் பொருள் போய்ச் சேர்கிறது. மதியம் மறுபடி போன். போனவை இரண்டு பக்கமும் திறந்த பேரிங். அவருக்கு வேண்டியது பஞ்சு பறக்கும் இடத்தில் ஓடுகிற மோட்டாருக்கு. திறந்த பேரிங்கைப் போட்டால் கிரீஸில் பஞ்சுத் தூசி ஒட்டி, சில நாளிலேயே சூடேறிக் கத்த ஆரம்பித்துவிடும்.

தப்பு யாருடையது? போர்மேன் முழு நம்பரைச் சொல்லவில்லை என்று வாதாடலாம். நான் அந்த வாதத்தை ஏற்கமாட்டேன். அவர் கிரீஸ் கையோடு, ஓசைக்கு நடுவில் நின்று பேசுகிறார். நம்மிடம் கேட்டலாக் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, கேட்பதற்கு நேரமும் இருக்கிறது. "எந்த மிஷினுக்குங்கண்ணா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் பலவும் அந்த ஒரு கேள்வியின் கிளைகள்தான்.

கோயம்புத்தூரில் இந்த வியாபாரத்துக்கு இன்னும் பழைய பெயர் இருக்கிறது: மில் ஸ்டோர்ஸ். டாக்டர் நஞ்சப்பா ரோட்டில் நடந்தால் பேரிங், பெல்ட், வால்வு, நட்டு போல்ட்டு விற்கும் கடைகளின் போர்டில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்து நூற்பாலைகள் பெருகிய ஊர் இது. மில்லுக்கு வேண்டிய சில்லறைச் சாமான் கொடுத்தவர்கள் மில் ஸ்டோர்ஸ்காரர்கள் ஆனார்கள். இன்றைக்கு அதே தொழிலைப் பத்து கிளை, பெரிய கோடவுன், ஆயிரக்கணக்கான ஐட்டம், கம்ப்யூட்டர் ஸ்டாக், மாத டார்கெட் என்று செய்யும் பெரிய நிறுவனத்தில் நீங்கள் சேர்ந்திருக்கிறீர்கள். அளவு மாறியிருக்கிறது. வாடிக்கையாளருக்கு வேண்டியது மாறவில்லை: நின்ற மிஷின் ஓட வேண்டும்.

முதல் மூன்று மாதம் கேட்டலாக்கை மனப்பாடம் செய்ய முயலாதீர்கள், முடியாது. நம்பரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 6205-ல் கடைசி இரண்டு இலக்கம் 05. அதை ஐந்தால் பெருக்கினால் 25. உள்விட்டம் 25 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 52, அகலம் 15. 6206 என்றால் உள்விட்டம் 30. இந்தப் பெருக்கல் 04-லிருந்துதான் பொருந்தும். அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்தான் புதியவர்களைக் கவிழ்க்கின்றன. இசட்இசட் என்றால் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு. 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். சி3 என்றால் உள்ளே குண்டுக்கும் வளையத்துக்கும் இடையே சாதாரணத்தைவிடக் கூடுதல் இடைவெளி. சூடேறி விரிவடையும்போது இறுகாமலிருக்க மோட்டார்களில் போடுவது. கியர்பாக்ஸுக்குள் எண்ணெயில் ஓடுவதற்குத் திறந்த பேரிங்தான் சரி. ஆக, 6205 என்ற நாலு இலக்கம் அளவை மட்டும்தான் சொல்கிறது. அது எங்கே ஓடப்போகிறது என்பதை வாடிக்கையாளரிடம்தான் கேட்க வேண்டும்.

பெல்ட்டிலும் இப்படித்தான். பி-52 என்றால் பி செக்ஷன், உள்சுற்றளவு 52 அங்குலம். மேல் அகலம் 17 மில்லிமீட்டர், உயரம் 11. எஸ்பிபி என்று இன்னொரு வகை இருக்கிறது. மேல் அகலம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் உயரம் 13, நீளத்தை மில்லிமீட்டரில் சொல்வார்கள். பழைய பெல்ட்டில் எழுத்து அழிந்திருக்கும். நீண்டு தளர்ந்த பெல்ட்டை டேப் வைத்து அளந்து புதியதை முடிவு செய்யாதீர்கள். புல்லியையும் இரண்டு ஷாப்டுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து கணக்குப் போடுங்கள். நாலு பெல்ட் ஓடும் புல்லியில் ஒன்று அறுந்துவிட்டது, ஒன்று மட்டும் கொடுங்கள் என்பார்கள். நாலையும் மாற்றச் சொல்லுங்கள். கூடுதலாக விற்கப் பார்க்கிறான் என்று நினைக்கக்கூடும், அதனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பழைய மூன்றும் நீண்டிருக்கும், புதியது ஒன்றே முழுச் சுமையையும் இழுத்துச் சீக்கிரம் போய்விடும். மாற்றிய பழைய மூன்றில் நல்லது இருந்தால் ஒற்றைப் பெல்ட் ஓடும் மிஷினுக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் விற்பனையாளரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

போல்ட்டில் கவனிக்க வேண்டியது தலையில் குத்தியிருக்கும் எண். 8.8 என்றால் இழுவைத் தாங்கு திறன் சுமார் 800 மெகாபாஸ்கல். அதில் 80 சதவீதமான 640-ஐத் தாண்டினால் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும். 10.9 என்றால் 1000, அதில் 90 சதவீதம். கிரேன், பிரஸ் மாதிரி இடங்களில் 10.9 கேட்டு, நம்மிடம் இல்லையென்றால் "8.8 இருக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அங்கே ஆளின் உயிர் இருக்கிறது. இல்லை என்று சொல்லிவிட்டு, எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.

பைப் பிட்டிங்கில் ஒரு பொறி இருக்கிறது. பிஎஸ்பி மரை 55 டிகிரி கோணம், என்பிடி 60 டிகிரி. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்குப் பதினாலு மரைதான். அதனால் ஒன்றில் இன்னொன்று நாலைந்து சுற்று நன்றாகவே ஏறும். டெப்லான் டேப் சுற்றி இறுக்கியும் விடுவார்கள். பிரஷர் கொடுத்ததும் கசியும். பழி பிட்டிங் மேலும் நம் மேலும் வரும். வெளிநாட்டிலிருந்து வந்த மிஷின் என்று தெரிந்தால் மரை என்ன என்று கேட்காமல் கொட்டேஷன் போடாதீர்கள். ஒரு மரை கேஜும் வெர்னியரும் எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும்.

மற்ற ஐட்டங்களை, அதாவது கிரைண்டிங் வீல், வெல்டிங் ராடு, கையுறை, ஆயில் சீல், ஹைட்ராலிக் ஓஸ் எல்லாவற்றையும், விற்க விற்கக் கற்றுக்கொள்வீர்கள். பேரிங், பெல்ட், போல்ட், பிட்டிங் இந்த நாலிலும் கை தேர்ந்தால் பாக்கி தானே வரும்.

இனி கம்பெனிக்குள் போவது. பெரும்பாலான புதியவர்கள் நேராக பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் வாசலில் போய் உட்கார்கிறார்கள். ஆர்டர் அங்கேதான் போடப்படுகிறது என்பது உண்மை. ஆனால் என்ன வாங்க வேண்டும் என்பது மெயின்டனன்ஸில் முடிவாகிறது. எவ்வளவு ஸ்டாக் இருக்கிறது என்பது ஸ்டோர்ஸில் தெரிகிறது. பணம் எப்போது வரும் என்பது அக்கவுன்ட்ஸில் இருக்கிறது. ஒரு மில்லுக்கு மாதம் இரண்டு முறை போகிறீர்கள் என்றால் அதில் ஒரு முறையாவது ஸ்டோர்ஸில் அரை மணி நேரம் நில்லுங்கள்.

ஸ்டோர்ஸ்காரரை இந்தத் தொழிலில் யாரும் போதுமான அளவு மதிப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். பொருள் இன்வர்ட் ஆகிறதா, ஜிஆர்என் என்கிற வரவுச் சீட்டு இன்றைக்கே போடப்படுகிறதா அல்லது நாலு நாள் கிடக்கிறதா என்பது அவர் கையில். ஜிஆர்என் தாமதமானால் பில் அக்கவுன்ட்ஸுக்குப் போவது தாமதம், பணமும் தாமதம். அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய நல்லது மிக எளிது. டெலிவரி சலானில் அவர்களுடைய ஐட்டம் கோடு, பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர், பிஓ வரிசை எண் மூன்றும் இருக்க வேண்டும். ஒரே பெட்டியில் பத்து ஐட்டம் போனால் ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் கோடவுனில் இதைச் செய்ய வைக்க நான் ஒரு வருடம் சண்டை போட்டேன். செய்ய ஆரம்பித்த பிறகு, எங்கள் வண்டி வந்தால் ஸ்டோர்ஸ்காரர் முதலில் எங்கள் சாமானை இறக்கச் சொல்லுவார்.

அவருடைய ரேக்கையும் பாருங்கள். ஐந்து வருடம் தூசி படிந்த பெட்டிகள் இருக்கும். வேறு ஸ்டோர்ஸில் அதே ஐட்டம் அவசரமாகத் தேடிக்கொண்டிருக்கலாம். நம் கம்பெனி விதி அனுமதித்தால், பெட்டி பிரிக்காத நிலையில் எடுத்துக்கொண்டு கிரெடிட் நோட் கொடுக்க முடியுமா என்று மேலதிகாரியிடம் கேளுங்கள். பேரிங்கை நிற்க வைத்திருந்தால் படுக்க வைக்கச் சொல்லுங்கள். பெல்ட்டை ஒற்றை ஆணியில் மாட்டியிருந்தால் அந்த இடத்தில் மடிந்து வெடிக்கும். அகலமான குழாயில் மாட்டச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் பில் கிடையாது. ஆனாலும் சொல்லுங்கள்.

மெயின்டனன்ஸ் பக்கம் போக கேட்டில் அனுமதி வாங்கி, சேப்டி ஷூ போட்டுப் போங்கள். சாதாரணச் செருப்போடு வந்து நிற்பவரைப் பவுண்டரிக்குள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. அங்கே பேசுவதைவிடப் பார்ப்பது முக்கியம். ஒருமுறை ஒரு மில்லில் ஒரே இடத்துப் பேரிங் மூன்று மாதத்துக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தது. மட்டமான பொருள் கொடுக்கிறீர்கள் என்று எங்களிடம் கோபம். போர்மேனோடு போய், பிட்டர் மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஷாப்டில் ஏற்ற வேண்டிய பேரிங்கின் வெளிவளையத்தில் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். அடிக்கிற அடி குண்டுகள் வழியாகத்தான் உள்வளையத்துக்குப் போகும். ஓடுபாதையில் சிறு குழிகள் விழும். அன்றைக்கே அந்தப் பேரிங்கின் ஆயுள் குறைந்துவிடும். பிட்டரை எல்லார் முன்னாலும் குறை சொல்லவில்லை. அடுத்த வாரம் எங்கள் டெக்னிக்கல் ஆளையும் ஒரு இண்டக்ஷன் ஹீட்டரையும் கூட்டிப் போனேன். பேரிங்கை 110 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் கையால் தள்ளியே ஷாப்டில் உட்கார வைக்கலாம். அதைப் பிட்டரையே செய்ய வைத்தோம். அந்த இடத்துக்கு நாங்கள் விற்கும் பேரிங் குறைந்தது. அந்த மில்லோடு எங்கள் வியாபாரம் மொத்தத்தில் கூடியது.

கொட்டேஷனுக்கு வருவோம். விலையைக் குறைத்தால்தான் ஆர்டர் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். 80 ரூபாய்க்கு வாங்கி 100-க்கு விற்கிறீர்கள். லாபம் 20. வாடிக்கையாளர் கேட்கிறார் என்று 5 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விற்கும் விலை 95, லாபம் 15. விலையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தது. லாபத்தில் நாலில் ஒரு பங்கு போனது. பழைய லாபத் தொகையைத் திரும்ப எடுக்க மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விற்க வேண்டும். அந்த 15-லிருந்துதான் கோடவுன் வாடகை, வண்டி, உங்கள் சம்பளம், பாக்கிக்கு வட்டி எல்லாம். மூன்று மாதக் கடன் கொடுத்தால் வருடத்துக்கு 12 சதவீத வட்டிக் கணக்கில் பில் தொகையில் 3 சதவீதம் கரைகிறது. தள்ளுபடி, கடன் இரண்டையும் ஒரே ஆளுக்கு ஒரே பில்லில் கொடுக்கும் முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி கேட்கும் பர்ச்சேஸ் ஆபீசரிடம் முகம் சுளிக்கவும் வேண்டாம். கேட்பது அவர் வேலை. "சார், ரேட் இதுதாங்க. வருசத்துக்கு எவ்வளவு எடுப்பீங்கன்னு சொன்னா ரேட் கான்ட்ராக்ட்டா போட்டு மேல கேக்கறேன்" என்று அளவோடு கட்டிப் பேசுங்கள். கொட்டேஷனில் பிராண்ட், முழு நம்பர், எத்தனை நாள் செல்லும், வரி சேர்த்தா சேர்க்காமலா, வண்டி வாடகை யாருடையது, எந்தத் தேதிக்குள் பொருள், எத்தனை நாளில் பணம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வாயால் சொன்ன விலைதான் பின்னால் சண்டையாகிறது.

டெலிவரி தேதியில் பொய் சொல்வது இந்தத் தொழிலின் பெரிய நோய். "நாளைக்கு வந்துருங்க" என்று சொல்லி ஆர்டரை வாங்கிவிட்டு, பிறகு போனை எடுக்காமலிருப்பவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த நாளைக்காக அங்கே ஆட்களை ஓவர்டைமுக்கு நிறுத்தி வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் பன்னிரண்டு இருக்கிறது என்று காட்டினால் கோடவுனில் ஒருவரைக் கூப்பிட்டு ரேக்கில் கைவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் நாலு வேறொருவருக்கு ஒதுக்கியிருக்கலாம்; இரண்டின் பெட்டி கிழிந்திருக்கலாம். பெரிய நிறுவனத்தில் உங்கள் முதல் வாடிக்கையாளர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள்: கோடவுன் ஆள், டிஸ்பாட்ச், கிரெடிட் கன்ட்ரோல், போனில் ஆர்டர் எடுக்கும் இன்சைட் சேல்ஸ் பெண்கள். அவர்களிடம் மரியாதையாக இருங்கள். பிரேக்டவுன் என்று இரவு எட்டு மணிக்கு நீங்கள் கூப்பிடும்போது கோடவுனைத் திறப்பவர் அந்த மரியாதையை நினைத்துத்தான் திறப்பார்.

டூப்ளிகேட் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. பேரிங்கில் போலிகள் தாராளமாக இருக்கின்றன. பெட்டி, எழுத்து, ஸ்டிக்கர் எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். நம் விலையில் பாதிக்கு அதே பிராண்ட் கிடைக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் கோபப்படாமல் அந்த ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். படம் எடுத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்பினால் அசலா என்று சொல்வார்கள். சில நிறுவனங்கள் இதற்குச் செல்போன் செயலியே வைத்திருக்கின்றன. நம் கம்பெனி ஸ்டாக் தீர்ந்த நேரத்தில் வெளியில் வாங்கிக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதற்கு உடன்படாதீர்கள்.

கமிஷன் கேட்பவர்களையும் சந்திப்பீர்கள். மறைமுகமாகக் கேட்பார்கள். உங்கள் பதில் மறைமுகமாக இருக்க வேண்டாம்: "எங்க கம்பெனில அது முடியாதுங்க சார்." அன்று மாலையே உங்கள் மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஆர்டர் போகலாம். போகட்டும். ஒருமுறை கொடுத்தால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பிஓவும் ஒரு ஏலம்.

வசூல் விற்பனையின் பாதி. முதலில் உங்கள் பக்கத்துப் பிழைகளைத் தீருங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் ஒரு எழுத்து தப்பினாலும் அவர்கள் கணக்கில் உள்ளீட்டு வரி காட்டாது. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் நிறுவனம் நம்முடைய விற்பனைப் பட்டியலை 11-ம் தேதிக்குள் ஏற்றினால்தான் 14-ம் தேதி வாடிக்கையாளரின் பட்டியலில் தெரியும். அவருக்கு வரி தெரியாத பில்லுக்குப் பணம் கேட்டுப் போய் நிற்காதீர்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு மாநிலம் தாண்டிப் போனால் இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம். வண்டி எண் மாறினால் அதையும் திருத்த வேண்டும். வழியில் வண்டி நின்றால் மிஷினும் நிற்கும்.

பாக்கி நீண்டுகொண்டே போகிறது என்றால் அக்கவுன்ட்ஸில் மெதுவாக நினைவூட்டலாம்: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அவர்கள் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். இதை மிரட்டலாகச் சொல்லக்கூடாது, தகவலாகச் சொல்லுங்கள். மார்ச் மாதத்தில் இன்னொன்றையும் எதிர்பாருங்கள். 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு தொழில் உற்பத்தியாளர்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்காமல் நிதியாண்டும் முடிந்துவிட்டால் அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. நம்மைப் போன்ற பெரிய வியாபார நிறுவனத்துக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஆகவே மார்ச் கடைசியில் சிறு பட்டறைக்காரருக்குத்தான் முதலில் பணம் போகும். நம் பில் ஏப்ரலுக்குத் தள்ளப்படும். அதில் வருத்தப்பட எனக்கு ஒன்றும் இல்லை, அந்தப் பட்டறைக்காரருக்கு அது நியாயமாக வர வேண்டிய பணம். நீங்கள் செய்ய வேண்டியது, பிப்ரவரி கடைசிக்குள் உங்கள் பழைய பாக்கியை முடிப்பது.

வருடத்தின் ஓட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு வாரம் மிஷின்களைக் கழற்றித் துடைத்துப் பெயின்ட் அடிப்பார்கள். தேய்ந்த பேரிங்கும் கிழிந்த பெல்ட்டும் அப்போதுதான் கண்ணில் படும். பொங்கல் விடுமுறையில் பல ஆலைகள் ஷட்டவுன் வேலை வைத்துக்கொள்ளும். அதற்கான பட்டியல் நவம்பரிலேயே மெயின்டனன்ஸில் தயாராகும், அதைக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை ஆலைகளில் அரவை இல்லாத மாதங்கள்தான் உங்கள் மாதங்கள். அரவை தொடங்கிய பிறகு போனால் உங்களோடு பேச யாருக்கும் நேரமிருக்காது.

கடைசியாக, நோட்டு. கம்பெனி கொடுக்கும் செயலியில் விசிட் பதிவு செய்வது வேறு. இது உங்கள் சொந்த நோட்டு. ஒவ்வொரு ஆலைக்கும் இரண்டு பக்கம். எந்த மிஷினில் என்ன பேரிங், முழு எழுத்துகளோடு, பெல்ட் எத்தனை, எந்த நீளம், என்ன மரை, கடைசியாக எப்போது மாற்றினார்கள், யாருக்கு அந்த மிஷின் நன்றாகத் தெரியும். இரண்டு வருடத்தில், "அந்த ரெண்டாவது கார்டிங்குல போட்டமே, அதேதான் தம்பி" என்று போர்மேன் போனில் சொன்னால் நீங்கள் நம்பரைச் சொல்லிவிடுவீர்கள். உங்கள் ஏரியா மாறும் நாளில் அந்த நோட்டை அடுத்து வருபவரிடம் கொடுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு ஸ்டோர்ஸுக்கும் மெயின்டனன்ஸுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பழைய பாக்கி, திரும்பி வர வேண்டிய பொருள், நீங்கள் வாயால் ஒத்துக்கொண்ட ஏதாவது ஒரு விலை, இவற்றை வாடிக்கையாளர் முன்னாலேயே பேசி, தேதி போட்டு எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.